சாமி சேவலுக்கு ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை

கரண்டுக் கம்பி வராத காட்டில் குஞ்சு பொரிப்பகம் கட்டினவன் நான். பாறையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பூமியில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். ‘கோழிக்கெல்லாம் லோன் கிடையாது’ என்று என்னைத் திருப்பி அனுப்பிய பேங்குக்காரர் வீட்டு விருந்துக்கு இன்றைக்கு என் பண்ணைக் கோழிதான் போகிறது. நாட்டுக்கோழிக்குத் தனியாகத் தாய்க்கோழிப் பண்ணை வைத்தால் தலையில் துண்டுதான் என்றார்கள். கிணத்துக்கடவு வட்டாரத்தில் முதலில் வைத்தவன் நான்தான். பிறகு வைத்தவர்கள் எல்லோரும் என் கொட்டகையை வந்து பார்த்துவிட்டுப் போய் வைத்தவர்கள்.

இத்தனையும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தது. வாரா வாரம் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாகப் படிப்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த வாரம் சொல்லப்போவது ஒரு சேவலின் கதை.

வளையம் இல்லாத கால்

வெயில் ஏறாத காலை நேரம். கொட்டகை வாசலில் ஒரு இரும்பு மேஜை. அதன்மேல் வெள்ளை டைல்ஸ். டைல்ஸில் வரிசையாக ஊதாச் சொட்டுகள். மேஜைக்குப் பின்னால் கால்நடை டாக்டர் கோகிலா உட்கார்ந்திருந்தார். கோபி ஊர்ப் பக்கத்துப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் கோழியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக் கொடுக்கிற பெண்.

அன்றைக்கு அவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், தண்ணீர்த் தொட்டியின் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என் வீட்டுச் சேவல் நின்றது. செங்காவி நிறம், நெருப்பு மாதிரி கொண்டை, வாலில் கருநீலம். நான் வளர்த்ததில் அதைப் போல் ஒரு சேவலை இன்றுவரை பார்க்கவில்லை. காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

“ஐயா, பரிசோதனை பண்ணுன கோழி எல்லாத்துக்கும் கால்ல வளையம் போட்டோமே. இதுக்கு ஏனுங்க இல்ல?”

“அது சாமி சேவலுங்க அம்மணி. எங்க கணக்குலயே வராது.”

டாக்டர் கிளாஸை மேஜையில் வைத்தார்.

“உங்க கணக்குல வராட்டிப் போகுதுங்க. சீக்கோட கணக்குல வருமுங்களே.”

அந்த நேரம் பார்த்து வேலையாள் கொட்டகைக் கதவைத் திறந்தான். சேவல் தொட்டியிலிருந்து குதித்து, ராஜா மாதிரி நடந்து, கோழிகளுக்கு நடுவே போய் நின்றது. தினமும் அப்படித்தான் போகும். யாரும் தடுப்பதில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

குஞ்சுக்கு டிக்கெட்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் சும்மா கோழிக்காரன் ஆனவன் அல்ல.

ஆரம்பத்தில் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு அடைத்து, தலையில் தூக்கிக்கொண்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். டவுன் பஸ்ஸில் ஏறினால் பெட்டி முழுக்கக் கீச்சுக்கீச்சென்று சத்தம். ஒரு கண்டக்டர், பெட்டிக்குள் இருப்பதற்கெல்லாம் டிக்கெட் எடுக்கச் சொன்னார். எண்ணிச் சொல்லுங்கள், எடுக்கிறேன் என்றேன். அவர் மூடியைத் தூக்கியதுதான் தாமதம், நாலைந்து குஞ்சு வெளியே குதித்து, ஜவுளிக்கடைப் பைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களின் மடியில் ஏறிவிட்டது. பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தக் கண்டக்டர் என் பெட்டியைக் கண்டாலே டிரைவருக்குப் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுப்பார். அன்றைக்குக் குஞ்சு ஏறிய மடிக்காரர் ஒருவர் அப்புறம் என்னிடமே குஞ்சு வாங்கினார். வியாபாரம் என்றால் இப்படித்தான், எங்கே பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படிச் சேர்த்த பேர்தான் என் முதல். நாச்சிமுத்து குஞ்சு என்றால் சாகாது. இந்த ஒரு பேச்சுக்காகவே ஆனைமலையில் இருந்தும் பல்லடத்தில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்தது.

பாலிதீன் பை

ஆனைமலைப் பக்கம் ரங்கம்மாள் என்று ஒருவர். புருஷன் இல்லை. தென்னந்தோப்பில் கூலிக்குப் போய்க்கொண்டே, வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தார். என்னிடம் வாங்கிய குஞ்சு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் கேட்டுக்கு வெளியே பாலிதீன் பையோடு நின்றார். சண்டை போடவில்லை. அழவும் இல்லை.

“உங்க பேரச் சொல்லித்தானுங்க நாலு ஊட்டுக்காரங்களையும் வாங்க வெச்சேன். இப்ப அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

பைக்குள் செத்த குஞ்சுகள். பின்பக்கத்தில் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நெஞ்சு எனக்கு ஏற்கெனவே ஒரு முறை தகராறு செய்த நெஞ்சு. அதைப் பிறகு சொல்கிறேன்.

டாக்டர் கோகிலா வந்தது அப்போதுதான். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தார், லேபுக்கு அனுப்பினார். சீக்கின் பெயரும் சொன்னார். புல்லோரம்.

பல பேர் இதை வெள்ளைக்கழிச்சலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. இதற்கு நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை. மருந்து கலந்து கொடுத்தால் கொஞ்சம் குஞ்சு பிழைக்கும். ஆனால் பிழைத்த குஞ்சு வளர்ந்து, பளபளவென்று கோழியாகி, முட்டை போடும்போது அந்த முட்டைக்குள்ளேயே சீக்கைப் போட்டுவிடும். கோழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தீனி தின்னும், கொக்கரிக்கும், நம் கையிலேயே ஏறி உட்காரும். நாற்பது வருடம் கோழி பார்த்த கண்ணுக்கும் தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்துக்கு மட்டும்தான் தெரியும்.

ஊதாச் சொட்டு

இறக்கையை விரித்தால் உட்பக்கம் ஒரு நரம்பு ஓடும். ஊசி முனையால் அதில் லேசாக ஒரு குத்து. வருகிற ரத்தத்தைக் கம்பி வளையத்தில் தொட்டு, டைல்ஸில் இருக்கிற ஊதா மருந்துச் சொட்டோடு கலக்க வேண்டும். டைல்ஸை இப்படியும் அப்படியும் சற்று சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கலந்தது கலந்தபடி நின்றால் கோழி சுத்தம், காலுக்கு வளையம். பால் திரிந்த மாதிரி பொடிப்பொடியாகத் திரண்டால் அந்தக் கோழிக்குள் சீக்கு குடியிருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்து, கழித்து, அதாவது கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

மருந்தை ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த சூட்டோடு, அதாவது எடுத்த குளிரோடு, அப்படியே சொட்டு வைக்கக் கூடாது. சற்று வெளியே வைத்திருந்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். இது டாக்டர் சொன்னது. நான் மறக்காமல் எழுதுகிறேன். அவரவர் சொன்னதை அவரவர் பேரில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

முதல் சுற்றில் நிறையக் கோழி போனது. நான் கலங்கவில்லை. சரி, சுத்தமாகிவிட்டது என்று கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பழைய கூளத்தைத் தூக்கி எரித்தேன். கொஞ்ச நாள் கழித்து அடுத்த சுற்று. மறுபடியும் திரண்டது. மறுபடி கழித்தோம். அதற்கடுத்த சுற்றிலும் திரண்டது. போன தடவை வளையம் வாங்கிய நல்ல கோழிகளே இந்தத் தடவை சீக்கோடு நின்றன.

டாக்டருக்குத் தூக்கமே வரவில்லையாம். எங்கிருந்து வருகிறது என்று எலி வளை, தண்ணீர்க் குழாய், தீனி மூட்டை எல்லாம் பார்த்தார். கடைசியில் சொல்லிவிட்டார். அடுத்த சுற்றிலும் இப்படியே வந்தால் கொட்டகையை முழுசாகக் காலி செய்துவிட வேண்டும், பொரிப்பகத்தையும் மூடி வைக்க வேண்டும், அதற்குப் பிறகு புதுக் கோழி வாங்கி முதலில் இருந்து ஆரம்பியுங்கள் என்று.

முதலில் இருந்து ஆரம்பிக்க எனக்கு வயதா இருக்கிறது? இந்தக் கோழிகள் நான் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த வம்சம். கடையில் கிடைக்கிற சரக்கு அல்ல.

நிலைமை இப்படி இருந்தபோதுதான் டாக்டர் தொட்டிமேல் நின்ற சேவலைப் பார்த்தார்.

என் உயிருக்கு நேர்ந்தது

இப்போது நெஞ்சுக் கதைக்கு வருகிறேன். சில வருடம் முன்னால் எனக்கு நெஞ்சடைத்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்தார்கள். நான் உள்ளே படுத்திருந்தபோது என் மனைவி சரசு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் கருப்பராயனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். நான் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தால் பண்ணையிலேயே அழகான சேவல் அவருக்கு. வந்தேன். சேவலையும் பொறுக்கி, காலில் மஞ்சள் துணி கட்டி விட்டாள். ஆனால் கோயிலில் திருப்பணி வேலை இழுத்துக்கொண்டே போனதால் நோம்பி, அதாவது திருவிழா, தள்ளிப்போனது. சேவலும் சாப்பிட்டுக்கொண்டு ராஜாவாகச் சுற்றியது.

நேர்ந்து விட்ட உயிரை யாரும் அடிக்க மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள், விற்க மாட்டார்கள். எத்தனை கோழி என்று கேட்டால் அதைச் சேர்த்துச் சொல்லவும் மாட்டார்கள். அது நம்முடையது இல்லை அல்லவா. பரிசோதனைக்குக் கோழி பிடித்த ஆட்கள் அத்தனை பேரும் இந்த ஊர்க்காரர்கள். ஒரு தடவைகூட ஒருத்தருக்கும் அதைப் பிடிக்கக் கை போகவில்லை. யாரும் மறைக்கவில்லை. தோன்றவே இல்லை.

டாக்டர் பிடிக்கச் சொன்னதும் வீட்டுக்குள் இருந்து சரசு வெளியே வந்துவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சேவலுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

“ஏனுங்க, அது உங்க உசுருக்கு நேந்ததுங்க. சாமிக்கு முன்னால அதுக்கு ஊசி குத்துனா உங்களக் குத்துன மாதிரிங்க.”

“என்னையத்தான் ஆஸ்பத்திரில தெனமும் குத்துனாங்க. செத்தா போயிட்டேன்?”

“வாயக் கழுவுங்க மொதல்ல.”

டாக்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு சொட்டுதான், சேவலுக்கு வலிக்கவே வலிக்காது என்றார். சேவல் மூலமாகவும் கோழிகளுக்குச் சீக்கு போகும் என்றார். சரசு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. சாமிக்கு உரியதில் ஒரு சொட்டானாலும் முதல் சொட்டு சாமிக்குத்தானே போக வேண்டும் என்று கேட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பதில் என்னிடம் இருந்தது.

துலுக்கு

மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சாமிக்குக் கிடாயோ சேவலோ கொடுக்கும்போது சும்மா அறுத்துவிட மாட்டோம். தீர்த்தம் தெளித்துக் காத்திருப்போம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதற்குத் துலுக்கு என்று பேர். துலுக்கவில்லை என்றால் எத்தனை பெரிய மனிதர் வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஊசிக்கும் துலுக்குக் கேட்டால் என்ன?

யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே நின்றபடி பூசாரி மாரப்பனுக்குப் போன் போட்டேன். அவர் பரம்பரையிலேயே இப்படி ஒரு காரியத்துக்கு யாரும் கேட்டதில்லை என்று இழுத்தார்.

“மாரப்பா, தலைய வாங்கறதுக்கே கேட்டா உத்தரவு குடுக்கறாரு. ஒரு சொட்டுக்குக் குடுக்க மாட்டாரா?”

 தீர்த்தத்தோடு வாரேனுங்ணா என்றார்.

சேவலைக் கோயிலுக்குத் தூக்கிப்போகக் கூடாது, ஊர்க் கோழிக்கெல்லாம் சீக்கு பரவிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கோயில்தான் பண்ணைக்கு வந்தது. மாரப்பன் சொம்போடு கேட்டில் வந்து இறங்கினார். அங்கே வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். யார் வந்தாலும் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

“சாமி தீர்த்தம் கொண்டார காலுங்க அம்மணி. இதுக்குமா மருந்து?”

“தீர்த்தத்துல சீக்கு இல்லீங்க. செருப்புல இருக்குமுங்க” என்றார் டாக்டர்.

மாரப்பன் என்னைப் பார்த்தார். நான் முதலில் காலை விட்டேன். அவரும் விட்டார்.

சேவலை நான் பிடித்து மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிடியைத் தளர்த்தினேன். மாரப்பன் கருப்பராயனை அழைத்து, காரியத்தைச் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். சேவல் அப்படியே நின்றது. மறுபடி தெளித்தார். தலையைச் சாய்த்து டாக்டரின் டைல்ஸைப் பார்த்ததே தவிர ஒரு இறகுகூட அசையவில்லை. மருந்துச் சொட்டு காய்ந்துவிடும் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். சாமியை அவசரப்படுத்தக் கூடாது என்று மாரப்பன் சொன்னார். டாக்டர் புதுச் சொட்டு வைத்தார்.

 சேவல் துலுக்கவில்லை என்றால் அதைத் தொட முடியாது. தொடாவிட்டால் கொட்டகை காலி.

மாரப்பன் சொம்பைக் கீழே இறக்கினார்.

“ஏனுங்ணா, நேந்தவங்க மனசு இன்னும் குடுக்கலீங்க. அக்காதான் கேக்கோணும்.”

சரசு தயங்கினாள். பிறகு வந்து சொம்பை வாங்கினாள். கையில் தீர்த்தத்தை ஊற்றிக்கொண்டு, சேவலுக்கு முன்னால் குனிந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சேவலிடம் பேசினாள்.

“அவரு நல்லாத்தான் இருக்கறாரு சாமி. நடக்கறாரு, திங்கறாரு, எல்லாத்துகிட்டயும் சண்ட போடறாரு. நீ வந்த வேல முடிஞ்சுபோச்சு. உத்தரவு குடு.”

தெளித்தாள்.

சேவல் கழுத்தில் இருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது. தண்ணீர் டாக்டரின் கண்ணாடியில் தெறித்தது.

முதல் சொட்டை மாரப்பன் சொன்னபடி மண்ணில் விட்டோம். இரண்டாவது சொட்டு டைல்ஸுக்கு. டாக்டர் கலக்கி, டைல்ஸைச் சாய்க்கக்கூட இல்லை, ஊதா திரண்டுவிட்டது. கண் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி கட்டி கட்டியாக.

 இனி அதை என்ன செய்வது என்றுதான் கேள்வி. நோம்பி வரைக்கும் வைத்திருக்க முடியாது. மாரப்பன்தான் முடித்து வைத்தார். ஒரு சொட்டென்றாலும் ரத்தம் ரத்தம்தான், மண்ணில் விழுந்ததைக் கருப்பராயன் எடுத்துக்கொண்டார், நேர்த்தி முடிந்தது என்றார். சேவலை மற்றக் கோழிகளைப் போலவே கழித்து, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மஞ்சள் துணியை மட்டும் சரசு அவிழ்த்து வாங்கிக்கொள்ளப் போனாள். டாக்டர் அதையும் புதைக்கத்தான் வேண்டும் என்றார். சரசு அதைக் குழியில் போட்டுவிட்டாள்.

சுத்தம்

அதற்கடுத்த சுற்றில் ஒன்றிரண்டுதான் திரண்டது. அதற்கும் அடுத்த சுற்றில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தார். டைல்ஸ் முழுக்க ஊதா கலங்கலாக, அழகாக, அப்படியே நின்றது. கொட்டகை காலியாகவில்லை. என் வம்சமும் போகவில்லை. ரங்கம்மாள் ஆனைமலையில் இருந்து வந்து மறுபடியும் குஞ்சு எடுத்தார். இந்தத் தடவை நாலு வீட்டுக்காரர்களையும் கூடவே கூட்டி வந்திருந்தார்.

பிறகுதான் வேடிக்கை. டாக்டர் பரிசோதனைக்குப் போகிற பண்ணைகளில் எல்லாம், ‘சாமி சேவல் இருக்குதுங்களா?’ என்று முதலில் கேட்க ஆரம்பித்தார். கூடைக்கு அடியில் இருந்தும், வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தும், மாட்டுக் கொட்டாயில் இருந்தும் ஒவ்வொன்றாக வந்ததாம். முருகனுக்கு நேர்ந்தது, முனியப்பனுக்கு நேர்ந்தது, மகனுக்கு வேலை கிடைக்க, மருமகளுக்குக் குழந்தை பிறக்க. எல்லாம் வளையம் இல்லாத கால்கள். இப்போது மாரப்பனுக்கு மாதத்தில் பல நாள் இதே வேலை. அவரே சொந்தமாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிவிட்டார்.

போன மாதம் பொள்ளாச்சியில் கோழிப் பண்ணையாளர் பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டர் கோகிலா இந்தக் கதையைத்தான் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஆனால் ‘கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு விவசாயி’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னால் திரையில் ஒரு போட்டோ காட்டினார்கள். டாக்டரின் உதவியாளர் போனில் எடுத்தது. டாக்டர் முழுசாக இருக்கிறார். மாரப்பன் சொம்போடு இருக்கிறார். சேவல் இருக்கிறது. சேவலைப் பிடித்தபடி ஓரத்தில் ஒரு கை மட்டும் இருக்கிறது.

சீக்கைக் கண்டுபிடித்தது டாக்டர். மறுக்கவில்லை. துலுக்கு வாங்கியது சரசு. அதையும் மறுக்கவில்லை. அவள் பங்கை அவள் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஊசிக்கும் உத்தரவு கேட்கலாம் என்று நினைத்தவன் யார்? அந்த நினைப்பு வராமல் போயிருந்தால் அந்த டைல்ஸில் அந்தச் சொட்டு விழுந்திருக்காது. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் ஒரு சாமி சேவலும் ரத்தம் கொடுத்திருக்காது.

அந்தக் கை என்னுடையது. மோதிரம் போட்ட கை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த பயிற்சியில் அந்தப் போட்டோவைக் காட்டும்போது கையோடு நிறுத்தக் கூடாது. கைக்காரன் முகத்தையும் காட்டி, நாச்சிமுத்து என்று பேரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.